என் துப்பாக்கிக்கு எட்டும் தூரம்

அப்பா இறந்தபின் அவருடைய இரட்டைக்குழல் துப்பாக்கியை என்ன செய்வது என்ற பேச்சு வந்தது. ஓசூரில் வேலை பார்க்கும் அண்ணன், "அந்தத் தொல்லை நமக்கு எதுக்கு? ஸ்டேஷன்ல ஒப்படைச்சிடலாம்" என்றார். பாப்பிரெட்டிப்பட்டிக்கு வெளியே மலையடிவாரத்து நிலத்தில் பயிர் செய்வது நானும் என் கணவரும்தான். மரவள்ளிக் கிழங்கு வைக்கும் மாதங்களில் காட்டுப்பன்றி கூட்டமாக இறங்கும். என் கணவருக்குக் கண்பார்வை குறைவு. கண்ணாடியைக் கழற்றினால் எதிரில் வருவது எருமையா ஆளா என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்வார். எனவே, "உரிமத்த எம்பேருக்கே மாத்துங்க" என்றேன்.

மாதா கோயிலில் ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தால் யாராவது ஒருவர் சிரித்தபடி கேட்பார்: "என்னம்மா, துப்பாக்கி வந்துருச்சா?" விசாரணைக்கு வந்த போலீஸ்காரருக்கு டீ கொடுத்தேன். தாலுகா ஆபீசுக்கு நடையாய் நடந்தேன். கடைசியாக, துப்பாக்கி சுடும் பயிற்சிச் சான்றிதழ் வேண்டும் என்றார்கள். அதற்காக ஒரு ரைபிள் கிளப்பில் சேர்ந்தேன்.

சான்றிதழ் சீக்கிரமே கிடைத்துவிட்டது, உரிமமும் என் பெயருக்கு மாறியது. நான்தான் போவதை நிறுத்தவில்லை. காரணம் ஒற்றைக்குண்டுத் தோட்டா. சாதாரணத் தோட்டாவில் சிறுசிறு ரவைகள் நிறைய இருக்கும். சுட்டதும் சிதறிப் போகும். ஒற்றைக்குண்டுத் தோட்டாவில் கட்டைவிரல் பருமனுக்கு ஒரே ஓர் ஈயக்கட்டிதான். அது எவ்வளவு தூரம் போனாலும் குறி தப்பாது என்று எங்கள் பக்கத்தில் எல்லோரும் சொல்வார்கள். நானும் நம்பியிருந்தேன்.

இருபத்தைந்து மீட்டரில் காகிதத்தை மாட்டிச் சுட்டேன். ஓட்டைகள் எல்லாம் உள்ளங்கைக்குள் அடங்கின. ஐம்பது மீட்டரில் கொஞ்சம் இறங்கின. ஒரு சாப்பாட்டுத் தட்டின் அகலத்துக்கு விலகி விழுந்தன. அடுத்து நூறு மீட்டர். காகிதத்தில் ஒன்றுமே இல்லை. அதற்குக் கீழே, மண்மேட்டின் அடியில் புழுதிதான் கிளம்பியது.

பக்கத்தில் சுட்டுக்கொண்டிருந்தவர், "கை ஆடுதும்மா. பொம்பளைக் கை அப்படித்தான்" என்றார்.

மணல் மூட்டைமேல் துப்பாக்கியைச் சாய்த்து வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு மறுபடி சுட்டேன். மறுபடியும் புழுதி. சரி, குண்டு இறங்குகிறது என்றால் குறியை ஏற்றிவிடலாம் என்று காகிதத்தின் மேல்விளிம்புக்கும் மேலே பார்த்துச் சுட்டேன். வலது ஓரத்தில் ஒன்று பட்டது. சந்தோஷத்தில் அதே இடத்தைப் பார்த்து அடுத்ததைச் சுட்டேன். அது இடப்பக்கம் எங்கோ போய்விட்டது.

அன்று திரும்பி வரும்போது பஸ்ஸில் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். ரைபிள் குழலுக்குள் திருகாணி மாதிரி சுற்றிப் போகும் புரி இருக்கிறது. அது குண்டைச் சுழற்றி நேராக அனுப்பும். என் துப்பாக்கியின் குழல் உள்ளே வழவழப்பு. அதிலிருந்து போவது மொண்ணையான ஈயக்கட்டி. காற்று அதைச் சீக்கிரமே தளர்த்திவிடுகிறது. வேகம் குறையக் குறைய அது இறங்கிக்கொண்டே போகும். போதாததற்கு இரண்டு குழல்களும் தூரத்தில் ஒரே இடத்தில் அடிப்பதில்லை. இறக்கத்தையாவது கணக்குப் பண்ணிக் குறியை ஏற்றலாம். பக்கவாட்டில் எங்கே போகும் என்பதை யாரும் கணக்குப் பண்ண முடியாது. ஐம்பது மீட்டருக்கு மேல் இந்தக் குண்டைச் சுடுவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

ஆனால் பயிர் நிற்கும் கொல்லையில் யார் மீட்டர் எழுதி வைத்திருக்கிறார்கள்? தினமும் சாயங்காலம் என் கணவரை வரப்பில் நிற்கவைத்து, தூரத்தை ஊகித்துச் சொல்வேன். பிறகு டேப் பிடித்து அளப்போம்.

"நாப்பத்தஞ்சு இருக்குமுங்க."

"அறுவது வருதும்மா. இன்னைக்கும் கோட்டை விட்டுட்ட."

"இன்னும் கொஞ்சம் தள்ளி நில்லுங்க. மறுபடி பாக்கலாம்."

கேலி பேசுவாரே தவிர, ஒருநாளும் அலுத்துக்கொள்ளவில்லை. போகப்போக என் கண்ணுக்குத் தூரம் பிடிபட்டது.

போன வருஷம் கிழங்கு பிடுங்கும் சமயம். காலையில் காவலுக்குத் துப்பாக்கியோடு கொல்லையில் இருந்தேன். பக்கத்துக் கொல்லை அக்காவின் அலறல் கேட்டது. ஒற்றைக் கோரைப்பல் பன்றி ஒன்று அவரைத் தொடையில் குத்திக் கிழித்திருந்தது. அவர் கல்குவியலில் முதுகை ஒட்டிக்கொண்டு, கையில் கிடைத்த கல்லை எறிந்துகொண்டிருந்தார். பன்றி போகவில்லை. தள்ளி நின்று மண்ணைக் கிளறுவதும் மறுபடி பாய வருவதுமாக இருந்தது.

ரோட்டில் நின்ற ஆட்கள் கத்தினார்கள். "சுடும்மா! நின்ன எடத்துலயே சுடு!"

நான் நின்ற இடத்திலிருந்து நூறு மீட்டருக்குக் குறையாது. பன்றிக்கு நேர் பின்னால் அக்கா. நான் சுடவில்லை. ஓடவும் இல்லை. ஓடினால் மூச்சு வாங்கும், குழல் ஆடும். வரப்போடு சுற்றிக்கொண்டு வேகமாக நடந்தேன். அக்கா குறிக்கு வெளியே ஒதுங்க வேண்டும், பன்றிக்குப் பின்னால் மலைச்சரிவு வர வேண்டும். அந்த இடம் வரும்வரை நடப்பது என்பதைத் தவிர மனதில் வேறொன்றும் இல்லை.

"ஏ புள்ள, எங்கடி போற! என்னய விட்டுட்டுப் போறியே!" என்று அக்கா அழுதார். நான் நிற்கவில்லை. நடந்தேன்.

அக்கா குறிக்கு வெளியே ஒதுங்கி, பன்றிக்குப் பின்னால் சரிவு வந்தது. தூரமும் ஐம்பதுக்குள் வந்துவிட்டது என்று கண் சொன்னது. இன்னும் கொஞ்சம் நெருங்கி முழங்காலிட்டேன். பன்றி என் பக்கம் திரும்பியது. வலது குழலைச் சுட்டேன். அது நாலடி ஓடி மரவள்ளிக் குச்சிகளை முறித்துக்கொண்டு விழுந்தது. இடது குழல் தேவைப்படவில்லை. துப்பாக்கியை மடக்கித் தோட்டாவை எடுத்துவிட்டு அக்காவிடம் ஓடினேன்.

போலீசுக்கும் வனத்துறைக்கும் நானே போன் செய்தேன். வந்த அதிகாரி, எங்கிருந்து சுட்டேன் என்று காட்டச் சொல்லி அளந்தார். நாற்பதுக்குக் கொஞ்சம் மேலே வந்தது. உயிரைக் காப்பாற்றச் சுட்டது என்று விசாரணை முடியும்வரை துப்பாக்கி ஸ்டேஷனில் இருந்தது. பிறகு கொடுத்துவிட்டார்கள்.

தருமபுரி ஆஸ்பத்திரியில் தையல் போட்டுக்கொண்டு வீடு திரும்பிய அக்கா, பார்க்கப் போன என்னிடம் முகம் கொடுக்கவில்லை.

"கையில துப்பாக்கிய வெச்சிக்கிட்டு ஊர்வலம் போன மாதிரி சுத்தி வந்தியே. நான் செத்திருந்தா?"

"அங்கிருந்து சுட்டிருந்தா பன்னி மேல படுமா, உங்க மேல படுமான்னு எனக்கே தெரியாதுங்கக்கா. அந்தக் குண்டு அவ்ளோ தூரம் நேரா போவாது."

"ரோட்டுல நின்னவங்க அத்தன பேரும் சுடச் சொன்னாங்களே?"

"அவங்க சொல்லுவாங்க. சுடறது நான்தானுங்களே."

அக்காவுக்குக் கோபம் முழுக்கப் போனதாகத் தெரியவில்லை. "காப்பித் தண்ணி வெச்சிருக்குது, குடிச்சிட்டுப் போ" என்றார்.

காலைக் கொஞ்சம் சாய்த்து நடந்தாலும் இந்த வருஷமும் அவர் மரவள்ளி நட்டிருக்கிறார். இரண்டு கொல்லைக்கும் சேர்த்து நாங்கள் கம்பி வேலி போட்டுக்கொண்டிருக்கிறோம். மலைப்பக்கம் முடிந்துவிட்டது. ஓடைப்பக்கம் கல்லுக்கால் நடுகிற வேலை பாக்கி.