தட்டிவிட்டு நிற்பவர்

காரமடைப் பக்கம், மில்களில் அடைத்துவைத்து வேலை வாங்கப்பட்டு மீட்கப்பட்ட பெண்களுக்கான இல்லம் அது. தையல் மெஷின் ரிப்பேருக்குப் போயிருந்தேன். வார்டனம்மா பருத்த உடம்புக்காரர். கையில் சாவிக்கொத்து கிடையாது. அங்கே அறைகளுக்கு உள்தாழ்ப்பாள் மட்டும்தான். எந்தக் கதவானாலும் தட்டிவிட்டு, பதில் வரும்வரை நிற்பார்.

மெஷின் இருந்த அறையின் கதவைத் தட்டினார். "கண்ணு, மெஷின்காரரு வந்திருக்கறாரு. உள்ள வரலாமா?"

"இப்ப வேண்டாங்க" என்றது உள்ளிருந்து ஒரு குரல்.

திட்டப்போகிறார் என்று நினைத்தேன். திரும்பியபோது அவர் முகம் மலர்ந்திருந்தது.

"இந்தப் புள்ள வந்ததுல இருந்து எதைக் கேட்டாலும் சரிங்க, சரிங்கன்னுதாங்க சொல்லும். இன்னைக்குத்தான் வேண்டாங்குது. நீங்க நாளைக்கு வாங்க."

இந்தத் தொழிலில் என்னைச் சும்மா திருப்பி அனுப்பியவர்கள் நிறையப் பேர். அவ்வளவு சந்தோஷமாக அனுப்பியவர் அவர் ஒருவர்தான்.