அச்சிமுகம்மதுவின் நாக்கு

கல்முனைக்கு மேற்கே, கடல்நீரும் வந்து கலக்கும் களப்பை ஒட்டிய கடைசி வயல்களில் தண்ணீரைப் பற்றி யாருக்குச் சந்தேகம் வந்தாலும் அச்சிமுகம்மதுவைத்தான் கூப்பிடுவார்கள். வாய்க்கால் தண்ணீர் மேல்வயல்களை நனைத்துவிட்டு இந்தப் பக்கம் வருவதற்குள் தீர்ந்துவிடும். மழையில்லாத சின்னப்போகத்தில் வறண்ட கச்சான் காற்று வீசத் தொடங்கினால் களப்பிலிருந்து இறைத்தால்தான் பயிர் மிஞ்சும். களப்புத் தண்ணீரை நம்ப முடியாது. ஒரு கிழமை நன்னீராக இருக்கும், மறு கிழமை உவராகிவிடும். அச்சிமுகம்மது விரலை நனைத்து நாக்கில் வைப்பார், துப்புவார், "இறைக்கலாம்" என்பார், அல்லது "பொறுங்க" என்பார். அவர் சொல் தப்பியதாக யாருக்கும் ஞாபகமில்லை. அந்தப் பெருமை மனிதருக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

ஐம்பத்தோராம் ஆண்டு அவருக்கு அந்தப் போகம் தப்பவே கூடாது. மகள் ஸகியாவுக்கு மருதமுனையில் ஒரு நெசவுக்காரர் வீட்டுப் பிள்ளையைப் பேசி முடித்திருந்தார்கள். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து வாழ்வான். பெண்ணுக்கென்று ஒரு வீடு இல்லாவிட்டால் கலியாணப் பேச்சு பேச்சோடு நின்றுவிடும். ஸகியாவின் வீட்டுக்கு மண்சுவர் எழும்பிவிட்டது. கூரை அந்த நெல்லில்தான் ஏற வேண்டும். நோன்பு முடிந்து இரண்டு மாதம் கழித்து வரும் ஹஜ்ஜுப் பெருநாளுக்குள் வீடு முடிந்தால் நிக்காஹ் என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லியிருந்தார்கள்.

பயிர் கதிரை உள்ளே வைத்திருக்கும் குடலைப் பருவத்தில் நின்றபோது நோன்பு வந்தது. அதே நாட்களில் வாய்க்காலும் வற்றி, வயல் வெடிப்பு விட்டது. பக்கத்து வயல்காரர் செல்லத்தம்பி; அச்சிமுகம்மதுவை அண்ணன் முறைக்குக் "காக்கா" என்பார். இருவரும் ஒரே இறைகூடையை இரண்டு பக்கமும் பிடித்து இரண்டு வயலுக்கும் இறைப்பது வழக்கம். அன்று களப்போரம் போய் நின்ற அச்சிமுகம்மது தண்ணீரை அள்ளினார், முகர்ந்தார், வெளிச்சத்தில் பார்த்தார். நாக்கில் வைக்கவில்லை. நோன்பு முறிந்துவிடும் என்று பயம்.

நோன்பில்லாத செல்லத்தம்பி தானே ஒரு வாய் அள்ளிப் பார்த்தார்.

"கொஞ்சம் கரிக்கிற மாதிரி இரிக்கி காக்கா."

"வெத்திலையும் பொயிலையும் போட்ட நாக்குக்கு எல்லாம் கரிக்கும் தம்பி. தண்ணி தெளிவாத்தான் இரிக்கி. பிடிங்க கூடைய."

செல்லத்தம்பி பிடித்தார். தன் நாக்கை விட அவருடைய கண்ணை நம்பினார். இதைச் சொல்லும்போதே எனக்கு எரிச்சல் வருகிறது, யார் மீது என்றுதான் தெரியவில்லை.

முதலில் பயிர் தெளிந்த மாதிரிதான் இருந்தது. பிறகு இலைநுனிகள் வெளுத்துச் சுருண்டன. அச்சிமுகம்மது அதைத் தாகம் என்று நினைத்து இன்னும் இறைத்தார். செல்லத்தம்பியும் கூடவே இறைத்தார். வெயிலில் தண்ணீர் வற்ற வற்ற வரம்போரம் வெள்ளையாகப் பூத்தது. கதிர்கள் வெளிவந்தபோது வெளுத்து நிமிர்ந்து நின்றன. நசுக்கிப் பார்த்தால் பால் இல்லை. எல்லாம் பதர்.

நோன்புப் பெருநாள் தொழுகை முடிந்ததும், புதுச் சாரனோடு, வீட்டுக்குக்கூடப் போகாமல் களப்புக்குப் போனார். விரலை நனைத்து நாக்கில் வைத்தார். வரம்பில் அப்படியே குந்திவிட்டார். செல்லத்தம்பிதான் கையைப் பிடித்துக் கூட்டி வந்தார். வழியெல்லாம் அவர் ஒரு குறையும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் அச்சிமுகம்மது கொஞ்சமாவது ஆறியிருப்பார்.

நடந்ததை அன்று பின்னேரம் மனைவி சபியா உம்மாவிடம் சொன்னார். சபியா உம்மா மெதுவாகக் கேட்டார்:

"நோன்பு முழுக்க நான் கஞ்சிக்கி உப்புப் பாத்தன். நுனி நாக்கில வெச்சித் துப்பினா நோன்பு முறியாதெண்டு பள்ளிவாசல் லெப்பைதானே சொல்லித் தந்த. அது ஒங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். ஆனால் அது அடுப்படியில் நிற்கும் பெண்களுக்குக் கொடுத்த சலுகை என்றே அவர் எடுத்துக்கொண்டிருந்தார். ஆம்பிளைக்கும் அதே சட்டம்தான் என்பது அந்த மனிதருக்குத் தோன்றவேயில்லை. உள்ளே ஸகியா கேட்டுக்கொண்டிருந்தாள் என்பது இருவருக்கும் தெரியும்.

இரண்டு வயலிலும் யாரும் அறுக்கக் கத்தி வைக்கவில்லை. மாட்டை அவிழ்த்துவிட்டார்கள். செல்லத்தம்பி அந்த வருடம் முழுக்கச் சம்மாந்துறையில் அரிசி மில்லில் மூட்டை சுமந்து பிள்ளைகளுக்குச் சோறு போட்டார். மருதமுனைக்காரர்கள் ஹஜ்ஜுப் பெருநாள் வரை மரியாதையாகப் பொறுத்திருந்தார்கள். பிறகு மரியாதையாகவே வேறு வீடு பார்த்துக்கொண்டார்கள்.

மாரி வந்தது. கூரையில்லாத அந்த மண்சுவர்கள் நனைந்து நனைந்து சரிந்தன. அதே மழைதான் வயலில் இருந்த உப்பையும் கழுவிக்கொண்டு போனது. பெரும்போகம் நன்றாக விளைந்தது. அச்சிமுகம்மது ஒரு மணி மிச்சம் வைக்காமல் அந்த நெல்லையெல்லாம் வீட்டில் போட்டார். சுவர் எழும்பியது, கூரையும் ஏறியது. ஆனால் பேசி முடித்த சம்பந்தம் கைவிட்டுப் போன பெண், ராசியில்லாதவள் என்று ஊர் சொல்லி முடித்திருந்தது. நல்ல வீடு அது. ஸகியா அதில் தனியாகத்தான் குடிபோனாள்.