கியர் குமிழின் மேல் ஒரு கண்

கோயம்புத்தூர் ஷோரூமில் அந்தக் காரைப் பார்த்த முதல் நிமிடமே எனக்கு அதைப் பிடிக்கவில்லை. கியர் இருக்க வேண்டிய இடத்தில், மிக்ஸியில் இருப்பதுபோல ஒரு வட்டக் குமிழ். அதைச் சுற்றி நான்கு எழுத்துகள். பி என்றால் நிறுத்த, ஆர் என்றால் பின்னால் போக, என் என்றால் சும்மா நிற்க, டி என்றால் ஓட்ட. எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே மாதிரி மெதுவாக 'டக்' என்றது. இவ்வளவு சுலபமாகத் திரும்புகிற எதையும் நான் நம்புவதில்லை.

கார் எனக்கல்ல, மனைவிக்கு. எங்கள் வீடு மலைமேல், குன்னூர்ப் பக்கம்; அவள் கோத்தகிரி சாலையில் ஒரு பள்ளியில் ஆசிரியை. பதினைந்து வருடமாக எங்கள் பழைய காரைத் தானே ஓட்டிக்கொண்டு போய்வந்தவள். இடது முழங்காலில் அறுவை சிகிச்சை ஆனபிறகு கிளட்ச் மிதிக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். எட்டு மாதம் நான்தான் கொண்டுபோய் விட்டேன், கூட்டி வந்தேன். நான் தேயிலைத் தொழிற்சாலை ஆபீஸில் இருந்து ஓய்வுபெற்றவன், எனக்கென்ன வேலை. ஆனால் அவளுக்கு அது போதவில்லை. மறுபடி தனியாகப் போய்வர வேண்டும், அதற்கு ஆட்டோமேட்டிக் வேண்டும் என்று ஒரே பிடியாக நின்றாள்.

ஷோரூமில் மூன்று வகை இருந்தன. ஒன்றில் பழையபடி லீவர், ஒன்றில் பொத்தான்கள், ஒன்றில் இந்தக் குமிழ். நான் லீவர் பக்கம் நின்றேன். கியர் எங்கே இருக்கிறது என்று பார்க்காமலே கைக்குத் தெரியும் என்பது என் வாதம். லீவரைப் பிடித்தால் எழுத்து கைக்கு அடியில் மறைந்துவிடுகிறது, குமிழில் பளிச்சென்று தெரிகிறது என்பது அவள் வாதம். இரண்டு விரலால் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, சின்னப் பிள்ளைபோல என்னைப் பார்த்துச் சிரித்தாள். அதோடு பேச்சு முடிந்தது.

வண்டியை அவளேதான் மலைமேல் ஓட்டி வந்தாள். மேட்டுப்பாளையம் தாண்டி பர்லியார் வரைக்கும் நான் கண்ணைக் குமிழிலேயே வைத்திருந்தேன். என் முழங்கால் தப்பித் தவறி அதில் பட்டால் என்ன ஆகும், அவள் வளையல் மாட்டினால் என்ன ஆகும், குளிரில் உள்ளே ஈரம் இறங்கினால் என்ன ஆகும் என்று எனக்குள் ஒரு கமிஷன் விசாரணையே நடந்தது. அவள் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவையும் நிதானமாகத் திருப்பி ஏற்றினாள். அதுவும் சந்தேகமாகத்தான் இருந்தது. இவ்வளவு சரியாகப் போகிறதென்றால், தவறப்போகும் இடம் இன்னும் வரவில்லை என்றுதானே அர்த்தம்.

டாக்ஸி ஸ்டாண்டில் முப்பது வருடமாக வண்டி ஓட்டும் ஒருவரிடம் கருத்துக் கேட்டேன். "கியருன்னா கைல பிடிச்சா கெட்டியா இருக்கோணுமுங்க. இது ரேடியோ குமிழாட்டம் இருக்குதுங்க," என்றார். எனக்கு வேண்டியது அதுதான். ஊட்டிக்குப் போய், பொத்தான் கியர் கார் வைத்திருக்கும் ஒரு நண்பரையும் கேட்டேன். ஒரு வாரத்தில் பழகிவிடும் என்றார். அந்தக் கருத்தை வீட்டில் சொல்லவில்லை.

அவளைத் தனியாக விட நான் போட்ட நிபந்தனை இது: எனக்கு நம்பிக்கை வரும்வரை பக்கத்தில் உட்கார்ந்து வருவேன். காலையில் அவள் ஓட்ட நான் பக்கத்தில். பள்ளியில் இறங்கி பஸ் பிடித்து வீட்டுக்கு வருவேன். மாலையில் மறுபடி பஸ் பிடித்துப் போய், அவள் பக்கத்தில் உட்கார்ந்து திரும்புவேன். கார் வாங்கிய வீட்டில் தினம் இரண்டு பஸ் டிக்கெட். அவளோடு வேலை செய்யும் ஆசிரியைகள், சார் அட்டெண்டன்ஸ் எடுக்க வந்துவிட்டார் என்று கேலி செய்தார்கள். மாதத்துக்கு ஒரு முறை அவள், நம்பிக்கை வந்துவிட்டதா என்று கேட்பாள். இன்னும் கொஞ்ச நாள் என்பேன்.

உண்மையைச் சொல்கிறேன். குமிழின் மேல் சந்தேகம் இருந்தது நிஜம். ஆனால் அவளைக் கொண்டுபோய் விட்ட அந்த எட்டு மாதம், காலையில் ஒரு ஆள் எனக்காக வாசலில் காத்திருந்தாள். அது போய்விடும் என்ற பயமும் இருந்தது. அதைக் குமிழின் தலையில் கட்டிவிட்டேன்.

மூன்று மாதம் கழிந்தது. ஒரு மாலை பள்ளியில் இருந்து கிளம்பும்போது அவளுக்குக் காய்ச்சல். என்னை ஓட்டச் சொன்னாள். அதுவரை அந்தக் காரை நான் ஓட்டியதே இல்லை, தொட்டால் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும் என்று. மழை வேறு. குன்னூர் வந்ததும் மாத்திரை வாங்க மருந்துக் கடை எதிரே, லேசான இறக்கத்தில் நிறுத்தினேன். பிரேக்கை மிதித்து நின்றதும் இன்ஜின் தானாக அடங்கியது. இந்த மாதிரிக் கார்களில் பெட்ரோலை மிச்சப்படுத்த அப்படி ஒரு ஏற்பாடு. அணைந்துவிட்டது என்றே எடுத்துக்கொண்டேன். அவள் இறங்கினாள்.

மலையில் வண்டி ஓட்டுகிறவன் கைக்கு ஒரு பாடம் உண்டு. வண்டியின் மூக்கு மேட்டைப் பார்த்து நின்றால் ஃபர்ஸ்ட் கியர், இறக்கத்தைப் பார்த்து நின்றால் ரிவர்ஸ் கியர். இன்ஜினை அணைத்து அப்படிப் போட்டுவிட்டால் வண்டி உருளாது, அதற்குப் பிறகுதான் ஹேண்ட் பிரேக். முப்பத்தைந்து வருடம் என் கை அதைத்தான் செய்தது. அன்றும் செய்தது. குமிழைத் திருப்பி ஆர் எழுத்தில் வைத்தேன். நம்பாதவன் அல்லவா, குனிந்து உற்றுப் பார்த்தேன். ஆர்தான். விளக்கு எரிந்தது. ஹேண்ட் பிரேக்குக்குக் கை போகும் முன்பே, திருப்தியாகப் பிரேக்கில் இருந்து காலை எடுத்தேன்.

எங்கோ 'பீப் பீப்' என்றது. இந்தக் கார் எதற்கெடுத்தாலும் கத்தும், நான் காதில் வாங்கவில்லை. ஏதோ ஒரு பஸ் மேடேறும் சத்தத்தில் இன்ஜின் மறுபடி பிடித்ததும், பிரேக்கை விட்டால் தானாக நகரும் அந்த வண்டி பின்னால் போனதும் தெரியவில்லை. பின்னால் டிக்கியில் இரண்டு கைகளால் அறையும் சத்தம் கேட்டது. பிரேக்கை மிதித்தேன்.

குடை எடுக்க அவள் பின்னால் போயிருந்தாள்.

பம்பர் அவளைத் தள்ளி, ரோட்டில் உட்கார வைத்திருந்தது. என்னால் கதவைத் திறக்க முடியவில்லை, பிரேக்கில் இருந்து காலை எடுத்தால் என்ன ஆகுமோ என்று கால் அப்படியே இறுகிப்போனது. அவளாகவே எழுந்தாள். காரைப் பிடித்துக்கொண்டே சுற்றி வந்து, இடது பக்கக் கதவைத் திறந்து, நனைந்த கையை நீட்டிக் குமிழைப் பி எழுத்துக்குத் திருப்பினாள். இன்ஜினையும் அணைத்தாள். பிறகு உட்கார்ந்தாள். உள்ளங்கை உரிந்திருந்தது. முழங்காலை மடக்கி நீட்டிப் பார்த்தாள். ஒன்றும் ஆகவில்லை என்று தலையசைத்தாள். நான் அழுதேன், மறைக்கவில்லை.

குமிழ்தான், நான் அப்போதே சொன்னேன் என்று ஆரம்பித்தேன். அவள் கை காட்டி நிறுத்தினாள். குமிழுக்கு மேலே ஒரு திரை இருக்கிறது. ரிவர்ஸ் போட்டால் வண்டிக்குப் பின்னால் இருப்பது முழுக்க அதில் தெரியும்.

"ஏனுங்க, நான் பின்னால நின்னது அதுல தெரிஞ்சிருக்குமே. பாக்கலீங்களா?"

பார்க்கவில்லை. கண்ணாடியிலும் பார்க்கவில்லை. அவள் எந்தப் பக்கம் போனாள் என்றும் பார்க்கவில்லை. நான் குமிழைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

காய்ச்சலோடு அவளேதான் வீடுவரை ஓட்டினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, உரிந்த அந்தக் கையையே பார்த்துக்கொண்டு வந்தேன். காய்ச்சல் விட்டுப் பள்ளிக்குக் கிளம்பிய அன்று அவள் நம்பிக்கை வந்துவிட்டதா என்று கேட்கவில்லை. அவள் தனியாகப் போகட்டும் என்று நானும் செருப்பு மாட்டவில்லை.