பதுவைக் குளிரும் மாமாவின் தீர்ப்பும்

குளிர்காலத்தில் இத்தாலிக்குப் போகிறவர்களுக்கு என்னிடம் உள்ள ஒரே ஆலோசனை இதுதான்: இத்தாலி எனக்குத் தெரியும் என்று யாராவது சொன்னால், எந்த ஊர் என்று கேளுங்கள்.

எங்கள் வீட்டில் படிப்பை முழுதாக முடித்த முதல் ஆள் நான். கவுன்சில் கடிதம், ஆஸ்பத்திரிக் கடிதம், போய்லர்க்காரனின் கடிதம் எல்லாம் என் கைக்குத்தான் வரும். இத்தாலிப் பயணம் மட்டும் லண்டனின் மறுகோடியில், மோர்டனில் இருக்கும் மாமாவின் கைக்குப் போய்விட்டது. லண்டனுக்கு வருமுன் அவர் பலேர்மோவில் ஒன்பது வருடம் இருந்தவர். என்னென்ன உடுப்புக் கொண்டுபோக வேண்டும் என்று மூன்று வாரம் தேடி வாசித்து நான் எழுதிய பட்டியல் எங்கள் ஈஸ்ட் ஹாம் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியபடியே கிடந்தது.

"இத்தாலியில என்ன குளிர்? நாங்கள் டிசம்பர் நத்தாருக்கும் வெறும் சேட்டோட திரிஞ்சனாங்கள்," என்றார் மாமா போனில்.

"மாமா, பலேர்மோ தெற்கில இருக்கு. நாங்கள் போறது வடக்கில, பதுவைக்கு."

"தம்பி, நீ வாசிச்சனி. நான் இருந்தனான்."

அவ்வளவுதான். அம்மா தடித்த கோட்டைப் பெட்டியிலிருந்து எடுத்துவிட்டு, அந்த இடத்தில் முறுக்கு டின்னை வைத்தார்.

இது உல்லாசப் பயணமும் அல்ல. நான் பல்கலைக்கழகத்தை முடித்தால், பதுவை அந்தோனியார் கோயில் முற்றத்திலிருந்து அவருடைய கல்லறைவரை வெறுங்காலோடு நடந்து, கல்லில் கை வைப்பதாக அம்மா நேர்ந்திருந்தார். நான் முடித்துவிட்டேன். அதற்கிடையில் அம்மாவுக்கு நீரிழிவு என்கிற சீனி வருத்தம் வந்து பாதங்களில் உணர்வு குறைந்துவிட்டது. வீட்டுக்குள்ளேகூட வெறுங்காலோடு நடக்க வேண்டாம் என்று கிளினிக்கில் சொன்னதை அம்மாவுக்குத் தமிழில் சொன்னவன் நான்தான்.

பதுவையில் மூடுபனி. எதிரே நிற்கும் கோயிலின் கோபுரங்கள் பாதிக்கு மேல் தெரியவில்லை. முற்றத்துக் கல் முழுக்க ஈரம். சேலைக்கு மேல் என் கோட்டைப் போட்டுக்கொண்டிருந்த அம்மா ஒரு கல் வாங்கில் உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றத் தொடங்கினார்.

"அம்மா, காயம் பட்டாலும் உங்களுக்குத் தெரியாது. டொக்டர் சொன்னவரெல்லோ?"

"டொக்டரே நேர்த்தி வைச்சவர்? நான் வைச்சனான்."

"அப்ப சொக்ஸோட நடவுங்கோ. சொக்ஸ் செருப்பில்லைத்தானே."

"படிச்சுப்போட்டு வந்து அந்தோனியாரை ஏமாத்தச் சொல்லுறியோ?"

அரை மணித்தியாலம் மன்றாடினேன். காலைப் பற்றிச் சொன்னேன், புண் ஆறாததைப் பற்றிச் சொன்னேன், ஆண்டவரின் இரக்கத்தைப் பற்றிக்கூடச் சொல்லிப் பார்த்தேன். இரண்டாவது சப்பாத்தும் கழன்றது. பிறகு அம்மா, அண்ணனுக்குக் கோயிலைக் காட்ட வேண்டும் என்று மாமாவுக்கு வீடியோ கோல் எடுத்தார்.

"அண்ணை, சொக்ஸோட நடந்தா நேர்த்தி செல்லுமோ?"

மாமா எதையோ மென்றுகொண்டிருந்தார். "ஓம், ஓம், செல்லும். அங்கத்தைச் சனமெல்லாம் அப்பிடித்தான்."

"அப்பச் சரி," என்றார் அம்மா.

"தடிச்ச சொக்ஸ் கொண்டு போங்கோ எண்டு நான் அப்பவே சொன்னனான்தானே?"

அவர் சொல்லவே இல்லை. என் பைக்குள்ளிருந்து கம்பளிச் சொக்ஸ் இரண்டு சோடியை எடுத்தேன். முழங்காலில் நின்று, ஒன்றின் மேல் ஒன்றாக அம்மாவின் கால்களில் மாட்டினேன். பாதங்கள் ஐஸ் போல இருந்தன. குளிருகிறதா என்று கேட்டேன். "இல்லையே," என்றார். அதுதான் பயமாக இருந்தது.

மெதுவாக நடந்தோம். ஒரு கையில் அம்மாவின் முழங்கை, மறு கையில் சப்பாத்துகள். கல்லறைக்குப் பின்பக்கம் வரிசை நின்றது. எங்கள் முறை வந்ததும் அம்மா பச்சைக் கல்லில் உள்ளங்கையை வைத்தார்.

"முடிச்சிட்டான்," என்றார், பக்கத்து வீட்டாருக்குச் சொல்வதுபோல, உரக்க. பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"அம்மா, மெல்ல. ஆக்கள் பாக்கினம்."

"பாக்கட்டும். நீயும் கையை வை. சோதினை எழுதினது நீதானே."

சப்பாத்துகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நானும் வைத்தேன்.