தனம் மேற்குக் கடலுக்குப் போன வழி

திருநீர்மலைக் கோயில் படிகளில் முதுகில் பெரிய பையோடு தனம் ஏறத் தொடங்கிய புதிதில், அடிவாரத் தெருவே அவருக்கு வழிவிட்டது. பைக்குள் அரிசி மூட்டையும் தண்ணீர் பாட்டில்களும். மேலே போவார், இறங்குவார், மறுபடி ஏறுவார். முன்பின் தெரியாத ஒரு பெண் அவர் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பூக்கடை கிளியம்மாள் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“இன்னா வேண்டுதல் தனம்? எம் பொண்ணுக்கும் சேத்து வேண்டிக்கோயேன்.”

“வேண்டுதல்லாம் ஒண்ணும் இல்லக்கா. காட்டுக்குப் போறேன். மூட்ட தூக்கிப் பழகிக்கினு கீறேன்.”

“காட்டுக்கா? அங்க எந்தக் கோயிலு?”

“கோயிலே இல்லக்கா. காடுதான் கீது.”

அதோடு பக்தி முடிந்தது. அதே படி, அதே பை, அதே வியர்வை. சாமி பெயர் இருந்தவரை புண்ணியவதி. அந்தப் பெயரை எடுத்ததும், புருஷன் இல்லாதவளுக்கு இவ்வளவு திமிரா என்றது தெரு. காலைத் தொட்ட பெண் எதிரில் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

தனத்துக்கு நாற்பத்தாறு வயது. மறைமலை நகரில் கார் உதிரிபாகம் செய்யும் ஓர் ஆலையில் வேலை. ஷிப்ட் முழுக்க நின்றுகொண்டே பார்க்கும் வேலை. கணவர் இறந்த பிறகு வீட்டின் பின்பாதியில் தனியாக இருக்கிறார். முன்பாதியில் கணவரின் தம்பி கதிரேசன் குடும்பம். கம்பெனி பஸ்ஸில் தினமும் பக்கத்தில் உட்காரும் சத்யபிரியா என்ற இளம்பெண்தான் அந்தப் பயணத்தைப் பற்றிச் சொன்னது: ஆனைமலையில் ஏறி, மறுபக்கக் காட்டில் இறங்கி, ஆறுகளைத் தாண்டிக் கேரளக் கடலைத் தொடும் ஒரு குழு.

“அங்க சூரியன் கடல்ல வுழுவுமா?” என்று கேட்டார் தனம். “நம்ம கடல்ல எழுந்துக்கத்தானே செய்யுது.”

அதைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் அவருடைய ஆசை. அதற்கு ஒரு காரணம் வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

கதிரேசன் ஒரு வழி சொன்னார். “அண்ணி, கேரளாவுல ஏதோ ஒரு கோயில்னு சொல்லிட்டு, மஞ்சப் பொடவ கட்டிக்கினு கெளம்புங்க. நானே ஆட்டோ புடிச்சு ஏத்தி வுடறேன்.”

“பொய் சொன்னா போலாம், நெசத்த சொன்னா போவக் கூடாதா தம்பி?”

“எம் பொண்ணுக்கு வரன் பாத்துக்கினு கீறேன். ஊரே சிரிக்குது.”

“சிரிச்சா அவங்க வாய்தான் வலிக்கும்.”

“அப்ப போனா போனதுதான். திரும்பி இந்த வூட்டுக்கு வராதீங்க.”

தனம் போனார்.

ஆனைமலையின் மறுசரிவில் நல்ல மழை. வனத்துறை வழிகாட்டிக்குப் பின்னால் தனமும் சத்யபிரியாவும் குழுவோடு ஒற்றை வரிசையில் நடந்தார்கள். மரங்களுக்குக் கீழே பகலிலும் அந்தி போல இருந்தது. கணுக்காலில் ஒட்டிய அட்டைக்கு உப்பு வைத்தபடி, “நம்ம சூப்பர்வைசரு மாரியே கீது, ஒட்டினா வுடவே மாட்டேங்குது” என்றார் தனம். முதல் ஆற்றில் இடுப்பளவு நீர். குறுக்கே கட்டிய கயிற்றைப் பிடித்துக் கடக்க வேண்டும். நடுவில் கால் வழுக்கி முழுசாக முங்கினார். கயிற்றை விடவில்லை. கரையேறியதும் நடுங்கிக்கொண்டே சிரித்தார். அடுத்த ஆற்றை மூங்கில் தெப்பத்தில் கடந்தார்கள்.

காடு முடியும் இடத்தில் ஒரு டீக்கடை. அங்கேதான் போனுக்கு சிக்னல் வந்தது. கதிரேசனின் குரலும் வந்தது. “பின்கட்டுக்குப் பூட்டு போட்டாச்சு அண்ணி. ஒங்க சாமானெல்லாம் உள்ளதான் கீது. யாரயாவது அனுப்பி எடுத்துக்கோங்க.”

தனம் சத்யபிரியாவிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டு டீயைக் குடித்தார்.

“அக்கா, இங்கேர்ந்து பஸ் இருக்கு. முதல்ல வீட்டுக்குப் போய்ப் பேசுங்க. கடல் எங்க போயிடப் போகுது?” என்றாள் சத்யபிரியா.

“கடல் போவாது. இப்ப திரும்பினா நான்தான் இனிமே எங்கயும் போவ மாட்டேன்.”

எழுந்து பையை மாட்டிக்கொண்டார். காயலில் படகு, தென்னந்தோப்பு, பிறகு மணல். சிவந்த சூரியன் நீரைத் தொட்டு, கலங்கி, கரைந்து முடியும்வரை முழங்காலளவு அலையில் நின்று பார்த்தார். அதற்குப் பிறகுதான் அழுதார். வீட்டை நினைத்தா என்று சத்யபிரியா கேட்டாள். “இல்ல. இத்தினி நாளா பாக்காம இருந்துட்டேன்ல” என்றார்.

கணவரின் பங்கு மனைவிக்கு உரியது என்பது சட்டம். விதவை எதை உடுத்த வேண்டும், எந்த விசேஷத்தில் எங்கே நிற்க வேண்டும் என்று சொல்லித்தர ஒரு தெருவே இருக்கிறது. இதைச் சொல்ல மட்டும் ஆள் இல்லை. தனம் திரும்பும் ரயிலிலேயே ஒரு வழக்கறிஞரிடம் போனில் கேட்டுத் தெரிந்துகொண்டார். தாம்பரத்தில் இறங்கி, பல்லாவரத்தில் பூட்டு திறப்பவர் ஒருவரை அழைத்துக்கொண்டு, காலை வெயிலில், சேறு காய்ந்த பையோடு தெருவுக்குள் நடந்தார். கடைகளில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

“ரவுடி மாரி பூட்ட ஒடைக்கிறீங்களே அண்ணி!”

“என் வூட்டுக்கு நீங்க போட்ட பூட்டு தம்பி. யாரு ரவுடி? போலீசக் கூப்புடுங்க, நானும் பேசறேன்.”

கதிரேசன் போனை எடுத்தார், தெருவைப் பார்த்தார், மறுபடி சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

பூட்டு உடைந்து விழுந்தது. தனம் உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தார்.

“டீ போடறேன் தம்பி, குடிச்சிட்டுப் போங்க.”

அவர் குடிக்கவில்லை. தனம் குடித்துவிட்டு, கையோடு வாங்கி வந்திருந்த புதுப் பூட்டைப் பூட்டிக்கொண்டு மதிய ஷிப்டுக்குக் கிளம்பினார்.