நூற்றுக்கு நூறு வாங்கிய என் வகுப்பு

1. படிவம்

எங்கள் பல்கலைக்கழகத்தில் உடைந்த நாற்காலிகள் போட்டுவைத்திருந்த ஓர் அறையைக் காலி செய்து, வெள்ளையடித்து, ‘கற்பித்தல் மேம்பாட்டு மையம்’ என்று போர்டு மாட்டி, என்னை ஒருங்கிணைப்பாளராக உட்கார வைத்தார்கள். நான் பொருளியல் பேராசிரியர். கமிட்டி கமிட்டியாக ஓடியதில் வகுப்பு எடுத்தே பல வருடம் ஆகியிருந்தது. அப்படிப்பட்டவனுக்குத்தான் மற்றவர்களின் வகுப்பைச் சரிசெய்யும் வேலை.

வந்த வேகத்தில் ஒரு படிவம் தயாரித்தேன். இருபது கட்டம், கட்டத்துக்கு ஐந்து மதிப்பெண். குரல் தெளிவு, ஸ்லைடு, வகுப்புக் கட்டுப்பாடு, ஆசிரியர் பேசிய நேரம் என்று போகும். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து டிக் அடிப்பேன். பேசிய நேரத்தை அளக்கக் கையில் ஸ்டாப் வாட்ச் வேறு. நான் கேண்டீனுக்குள் நுழைந்தால் பாதி டீயோடு எழுந்து போன ஆசிரியர்கள் உண்டு. மரியாதைக்கு எழுந்திருக்கிறார்கள் என்றே நெடுநாள் நினைத்திருந்தேன்.

2. சத்தம்

முத்துச்செல்வி சமூகவியல் துறையில் கௌரவ விரிவுரையாளர். வருடா வருடம் துறைத்தலைவர் பணி நீட்டிப்புக்குப் பரிந்துரைத்தால்தான் வேலை. இல்லையென்றால் ஜூனில் வீட்டில் இருக்க வேண்டியதுதான். எம்.ஏ. மாணவர்களுக்குப் புள்ளியியல் பேப்பர் எடுத்தார். முக்கால்வாசிப் பேர் கணக்கென்றால் காத தூரம் ஓடுகிறவர்கள்.

நான் போன அன்று திட்ட விலக்கம், அதாவது ஸ்டாண்டர்ட் டீவியேஷன், நடத்தினார். பத்து நிமிடம் பேசியிருப்பார். திடீரென்று, “சரி, திரும்புங்க” என்றார். முன் பெஞ்சுக்காரர்கள் அப்படியே பின்னால் திரும்பி உட்கார்ந்து பேச ஆரம்பித்தார்கள். ஒரே கூச்சல். அம்மணி ஜன்னலோரம் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். என் பக்கத்திலிருந்த பையன் ஆனையூர் பஸ்ஸைப் பற்றி என்னமோ அளந்துகொண்டிருந்தான்.

“பாடத்தக் கவனிப்பா” என்று அதட்டினேன்.

“அதத்தான் சார்...” என்று இழுத்தான். கையை உயர்த்தி அடக்கினேன்.

வகுப்பு முடிவதற்குள் மூன்று முறை இந்தக் கூத்து நடந்தது. ஐம்பது நிமிடத்தில் அவர் பேசியது இருபத்திரண்டு நிமிடம்தான். ‘வகுப்பு சந்தைக்கடை, ஆசிரியர் வேடிக்கை பார்க்கிறார்’ என்று எழுதி, நூற்றுக்கு நாற்பத்தொன்று போட்டு, துறைத்தலைவருக்கு அனுப்பிவிட்டேன். அன்றைக்கு மதியம் திருப்தியாகச் சாப்பிட்டேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

3. அவர் கேட்டது

இரண்டு வாரம் கழித்து முத்துச்செல்வி என் அறைக்கு வந்தார். கையில் என் அறிக்கையின் நகல்.

“அடுத்த வருசத்துக்கு எம் பேரு போகாதுன்னு ஹெச்.ஓ.டி. சொல்லிட்டாரு சார். நான் சண்டைக்கு வரல. எங்க வீட்ல காலேஜ் வாசல மிதிச்ச மொத ஆளு நாந்தான். எப்படி நடத்தணும்னு கேக்கவும் ஆளு கெடையாது. நீங்க ஒரே ஒரு வகுப்பு எடுத்துக் காட்டுங்க சார், பாத்துக்கிறேன்.”

அவர் குரலில் கேலி இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. அதனால் இன்னும் குஷியாகிவிட்டேன். “பேஷா எடுப்போம்மா, அடுத்த செவ்வாக்கெழம வாரேன்” என்றேன்.

4. என் வகுப்பு

நாற்பத்தாறு ஸ்லைடு தயாரித்தேன். இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை. அதே மாணவர்கள், அதே திட்ட விலக்கம்; முன் பெஞ்சில் மட்டும் போன தடவை வகுப்புக்கு வராதவர்கள். கடைசி பெஞ்சில் என் இடத்தில் முத்துச்செல்வி, கையில் என் படிவம்.

நாற்பது நிமிடம் மூச்சுவிடாமல் பேசினேன். குண்டூசி விழுந்தால் கேட்கும் அமைதி. ‘புரிஞ்சுதா?’ என்றதற்கு ‘புரிஞ்சது சார்’ என்று ஒரே குரலில் பதில் வந்தது. அத்தோடு நிறுத்தியிருந்தால் தப்பித்திருப்பேன். ஆசை விடவில்லை. முன் பெஞ்சுப் பெண்ணிடம், “எங்க, திட்ட விலக்கம்னா என்னன்னு சொல்லும்மா” என்றேன்.

அந்தப் பெண் எழுந்து நின்றது. நின்றுகொண்டே இருந்தது. அடுத்தவனைக் கேட்டேன். அவனும் நின்றான். ஐந்தாறு பேர் நின்ற பிறகு, போன தடவை என்னிடம் அதட்டு வாங்கி, இன்று இரண்டாவது பெஞ்சுக்கு வந்திருந்த பையன் கேட்டான்:

“சார், திரும்பிக்கிறவா?”

வேறு வழி தெரியாமல் தலையாட்டினேன். பெஞ்சுகள் திரும்பின. அதே கூச்சல். இந்த முறை பக்கத்தில் போய்க் காது கொடுத்தேன். அவன்தான் முன் பெஞ்சுப் பெண்ணிடம் சொல்லிக்கொண்டிருந்தான்:

“ஆனையூருக்கு ரெண்டு பஸ்ஸுன்னு வையி. சராசரியா ரெண்டும் பத்து நிமிசம் லேட்டு. ஒண்ணு தெனமும் கரெக்டா பத்து நிமிசம் லேட்டு. இன்னொண்ணு ஒரு நா டயத்துக்கு வந்துரும், மறு நா இருவது நிமிசம் காக்க வச்சிரும். நீ எத நம்பிக் கெளம்புவ?”

“மொதப் பஸ்ஸத்தான்.”

“ஏன்? சராசரி ஒண்ணுதான? சராசரிய விட்டு எம்புட்டுத் தள்ளித் தள்ளி வருதுங்கிறதுதான் இது.”

நாற்பத்தாறு ஸ்லைடில் நான் சொல்லாததை அவன் ஒரு நிமிடத்தில் சொல்லி முடித்தான். என் அதட்டலுக்கு அன்றைக்குப் பலியானதும் இந்தப் பஸ்தான். எனக்குக் காது சுட்டது. வெட்கம்தான், வேறொன்றுமில்லை.

வகுப்பு முடிந்ததும் முத்துச்செல்வி படிவத்தைக் கொடுத்தார். இருபது கட்டத்திலும் ஐந்து, ஐந்து, ஐந்து.

“என்னம்மா, கிண்டலா?”

“சத்தியமா இல்ல சார். குரல் நல்லாருந்துச்சு, சத்தமே இல்ல, நீங்கதான் பேசுனீங்க. அதுல கேட்டதுக்குத்தான் டிக் போட்டேன். பிள்ளைங்களுக்குப் புரிஞ்சுச்சான்னு அதுல கேக்கலையே.”

5. துறைத்தலைவர் அறை

நேராகத் துறைத்தலைவரிடம் போனேன்.

“அந்த நாப்பத்தொண்ணு தப்பு சார். நான் பாத்தது சத்தமில்ல, அதுதான் பாடம்.”

“எழுதுனது நீங்கதான?”

“நாந்தான்.”

“இப்பத் தப்புங்கிறதும் நீங்கதானா? அப்ப எழுத்துல குடுங்க. ‘எனக்குப் பாக்கத் தெரியல’ன்னு தெளிவா இருக்கணும். அப்பத்தான் நான் மேல பேச முடியும்.”

அவர் மேஜையிலேயே உட்கார்ந்து எழுதினேன். நான்கு வரி எழுத அரை மணி நேரம் ஆனது. ஜூனில் முத்துச்செல்வியின் பெயர் பட்டியலில் இருந்தது.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: வகுப்பில் ஆசிரியரை அளக்காதீர்கள், பக்கத்திலிருக்கும் மாணவர் என்ன பேசுகிறார் என்று கேளுங்கள். நான் இப்போது வெறுங்கையோடுதான் வகுப்புக்குப் போகிறேன். ஸ்டாப் வாட்ச்சைப் பேரனுக்குக் கொடுத்துவிட்டேன்.

அந்தப் படிவத்தை என் வகுப்பு நடந்த மறுநாளே நிறுத்திவிட்டேன். ஒன்றை மட்டும் டிராயரில் வைத்திருக்கிறேன். அது புழக்கத்தில் இருந்த காலம் முழுக்க அதில் நூற்றுக்கு நூறு வாங்கிய ஒரே ஆசிரியர் நான்தான்.