அப்பா வீட்டுக்கு வடக்கு

எங்கள் தொழிலில் யாரும் லேசில் சாக முடியாது. ஒரு மனையை விற்கும்போது அதன் நாலு பக்கமும் யார் யார் இருக்கிறார்கள் என்று பத்திரத்தில் எழுத வேண்டும். இன்னார் வீட்டுக்கு வடக்கு, இன்னார் நிலத்துக்குக் கிழக்கு. யாரும் நேரில் போய்ப் பார்த்து எழுதுவதில்லை. பழைய பத்திரத்தைப் பார்த்து எழுதுவோம். ஒரகடத்தில் கம்பெனி மதில் எழும்பி லாரிகள் நிற்கிற இடம், எங்கள் பத்திரங்களில் இன்னும் ஒருவருடைய கேழ்வரகுக் கொல்லைதான். அவருடைய பேரனுக்கே தலை நரைத்துவிட்டது.

நான் பத்தாவது பெயில். ஸ்ரீபெரும்புதூரில் வீட்டுமனைப் பத்திரம் மட்டும் பார்க்கிற ஒரு வக்கீலிடம் டீ வாங்கிவரச் சேர்ந்தேன். ஜெராக்ஸ் எடுத்து, வில்லங்கம் பார்த்து, கடைசியில் கம்ப்யூட்டரில் பத்திரமே அடிக்கிற அளவுக்கு வந்தேன். சார் சொல்லிக்கொடுத்த சட்டம் ஒன்றுதான்: "பழசுல இன்னா கீதோ அதையே அடி. சொந்த மூளைய வூட்லயே வெச்சுட்டு வா." அதனால்தான் சீக்கிரமாக முன்னேறினேன்.

அப்பாவுக்குப் பெருமை தாங்காது. கம்பெனி கேட்டில் செக்யூரிட்டியாக நின்றுகொண்டு, உள்ளே போகிற இன்ஜினியர்களிடமெல்லாம், "மனை எதுனா வாங்கணும்னா சொல்லு சார், நம்ம பொண்ணு வக்கீலு" என்பார். அந்தக் கேட்டிலேயே ஒரு மத்தியானம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை.

அதற்குப் பிறகும் ஊரில் எத்தனையோ பேருக்கு வாரிசு சான்றிதழ் வாங்கிக் கொடுத்தேன். எங்கள் வீட்டுக்கு மட்டும் மனு எழுதவில்லை. அம்மா கேட்டால், தாசில்தார் லீவு என்பேன். அந்தத் தாசில்தார் எட்டு மாதமாக லீவில் இருந்தார்.

அப்போதுதான் சேரப்பணஞ்சேரியில் எங்கள் வீட்டை ஒட்டிய மனை விலைக்கு வந்தது. வாங்குகிறவர் சிவகங்கைப் பக்கம், கார் கம்பெனி லைனில் வேலை. புரோக்கர் கொண்டுவந்த பழைய பத்திரத்தில் தெற்கு எல்லையில் அப்பா இருந்தார். அவர் பெயர், தாத்தா பெயர், வீடு, எல்லாம் சரியாக. அப்படியே அடித்தேன். சாருக்குக் கீழ்ப்படிந்தேன் என்றும் சொல்லலாம்.

லோன் கொடுக்கிற பேங்கிலிருந்து மனையைப் பார்க்க ஆள் போயிருக்கிறார். பக்கத்து வீட்டில் விசாரித்திருக்கிறார். அந்த வீட்டு அம்மா, எங்கம்மாதான், "அவரு போய்ச் சேந்து எட்டு மாசம் ஆவுது" என்று சொல்லி, குடிக்கத் தண்ணீரும் கொடுத்து அனுப்பியிருக்கிறாள். எல்லையைத் திருத்தாமல் லோன் கிடையாது என்று பத்திரம் திரும்பி வந்தது.

வாங்குகிறவர் ஷிஃப்ட் முடித்து யூனிஃபார்மோடு வந்து நின்றார். சாயங்காலத்துக்குள் பேங்கில் ஒத்துக்கொள்ளாவிட்டால் மனையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவதாக விற்கிறவர் சொல்லிவிட்டாராம்.

"ஏம்மா, செத்தவர உசுரோட இருக்காருன்னு எழுதி வச்சிருக்கீகளே, விசாரிக்க மாட்டீகளா? எவரோ பக்கத்து வீட்டுக்காரரு செத்ததுக்கு என் லோனு நிக்கணுமா?"

சார் பத்திரத்தை வாங்கினார். பெயரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "பழசுல இருக்கறத அடின்னு நான்தாம்பா சொன்னேன்" என்றார் அவரிடம். பிறகு என்னிடம், மெதுவாக, "நான் அடிக்கட்டாம்மா?"

சாருக்கு ஒரு விரலால்தான் அடிக்க வரும். சாயங்காலம் ஆகிவிடும்.

நானே அடித்தேன். 'காலஞ்சென்ற.' எத்தனையோ பேருக்கு அடித்த வார்த்தை, கை தானாகப் போகும். அன்றைக்கு ஒவ்வொரு எழுத்தையும் தேடினேன். அப்புறம் அப்பா பெயர். அப்புறம் 'வாரிசுகளின் வீட்டுக்கு வடக்கு.'

மனை வாங்குகிறவர் அதை எடுத்து ஒவ்வொரு சொல்லாகப் படித்தார்.

"வாரிசுன்னா யாரு யாரு? ஆளுக எப்படி? நாளைக்குச் சுவரு எழுப்பயில தகராறு பண்ணுவாகளா?"

"ஒரு அம்மா, ஒரு பொண்ணு. அம்மா நல்லவங்க."

"பொண்ணு?"

"அதுக்குக் கொஞ்சம் மூளை கம்மிண்ணே. சொல்றத அப்படியே செய்யும்."

சார் ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பேங்கில் ஒத்துக்கொண்டார்கள். மனை அவருக்கே ஆனது. நான் வாரிசு சான்றிதழுக்கு ஒரு மனுவை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

"தாசில்தார் வந்துட்டாரும்மா" என்றேன்.

அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். திரும்பவில்லை.

"தாசில்தாரு எங்கடி போனாரு? போன வாரம் ரேஷன் கடையாண்ட நான்தான் வணக்கம் வெச்சேனே" என்றாள். "வா, எங்க கையெழுத்துப் போடணும், காட்டு."